மெத்துனு இருக்குன்னு எடுத்துடாதீங்க: வெயில் கால துணியும் செருப்பும் ஒரு ஒப்பீடு

போன வாரம் அக்கா கடைக்குள்ள நின்னுகிட்டே வீடியோ கால் பண்ணா. ஒரு கையில லினன் சட்டை, தோள்ல ரெண்டு காட்டன் டாப், கால்ல பாத்தா இடதுல ஒரு செருப்பு வலதுல வேற செருப்பு. "டேய், பட்ஜெட் இவ்ளோதான், இந்த ஒரு லினன் எடுக்கவா ரெண்டு காட்டன் எடுக்கவா, செருப்பு இது பஞ்சு மாதிரி மெத்துனு இருக்கு, அது கொஞ்சம் கல்லு மாதிரி இருக்கு ஆனா பின்னாடி வார் இருக்கு, சீக்கிரம் சொல்லு பில் போடுற இடத்துல கூட்டம் சேருது"ன்னா. எல்லாத்தையும் கீழ வெச்சுட்டு வெளிய வா, அப்புறம் பேசிக்கலாம்னு சொன்னேன். செம கோவம் அவளுக்கு.

ஆனா அன்னைக்கு சாயங்காலம் ஒரு மணி நேரம் பேசினோம், அதைத்தான் இங்க எழுதுறேன், ஏன்னா இதே குழப்பத்தோட என்கிட்ட கேக்குறவங்க நிறைய பேர். வெயில் காலத்துல துணி எடுக்கும்போது நிறத்தையும் விலையையும் பாக்குறோம், செருப்பு எடுக்கும்போது கட்டை விரலால ஒரு அமுக்கு அமுக்கி மெத்துனு இருக்கான்னு பாக்குறோம். நான் பாக்குற ரெண்டு விஷயம் வேற. துணின்னா, வியர்வை எங்க போகுது? செருப்புன்னா, நடக்கும்போது கால்விரல் என்ன பண்ணுது? இந்த ரெண்டு கேள்விக்கு பதில் கிடைச்சா பாதி முடிவு அங்கயே ஆயிடும்.

## எதை வெச்சு அளக்கலாம்

துணிக்கு நான் வெச்சிருக்கிற அளவுகோல் இதுதான்: வியர்வையை உறிஞ்சுமா, காத்து உள்ள வெளிய போகுமா, வெயிலை எவ்வளவு தடுக்கும், துவைச்சு தேய்ச்சு கட்டுப்படியாகுமா, கடைசியா எத்தனை தடவை போடுவோம். இதுல கடைசிதான் முக்கியம். ஒரு சட்டை ஒரு பங்கு விலை, இருபது தடவை போட்டதுக்கப்புறம் காலர் நைஞ்சு ஓரம் கட்டிட்டோம்னு வைங்க, இன்னொண்ணு மூணு பங்கு விலை ஆனா நூத்தி இருபது தடவை போட்டோம், கணக்கு பாத்தா ரெண்டாவதுல ஒரு தடவை போடுற செலவு முதல்ல பாதிதான். அதுக்காக விலை அதிகமானதை எடுக்கணும்னு அர்த்தம் இல்ல, தேய்க்க சோம்பேறித்தனப்பட்டு பீரோவுலயே தொங்கிட்டு இருந்தா அந்த மூணு பங்கு சட்டைதான் உலகத்துலயே காஸ்ட்லியான சட்டை.

செருப்புக்கு: குதிகாலை பிடிச்சு வெக்க ஏதாவது இருக்கா, வியர்த்தா வழுக்குமா, ஈரத் தரையில நிக்குமா, சோல் எவ்வளவு நாள் தாங்கும், அறுந்தா தைக்க முடியுமா. மெத்துனு இருக்கறது இந்த லிஸ்ட்ல இருக்கு, ஆனா கடைசியில.

## துணி: எது எதுக்கு

ஒரு விஷயம் முதல்ல. காத்துல இருக்கிற ஈரத்தை ஒவ்வொரு நூலும் ஒவ்வொரு அளவுல இழுத்து வெச்சுக்கும். துணி வியாபாரத்துல இதுக்கு ஒரு கணக்கே உண்டு: காஞ்ச நூல் நூறு கிராம் எடுத்தா காட்டன் சுமாரா 8.5 கிராம் தண்ணியை பிடிக்கும், லினன் 12, ரேயான் 11-லேர்ந்து 13, பாலியஸ்டர் வெறும் 0.4. இதை பாத்தாலே பாலியஸ்டர் சட்டைக்குள்ள ஏன் முதுகு கொதிக்குதுன்னு புரிஞ்சிடும், தோல்லேர்ந்து வர்ற ஆவிய அந்த நூல் வாங்கிக்கறதே இல்ல.

| | வியர்வை | காத்து | வெயில் தடுப்பு | மறைஞ்சிருக்கிற செலவு |
|---|---|---|---|---|
| காட்டன் | நல்லா உறிஞ்சும், மெதுவா காயும் | நெசவை பொறுத்தது | மெல்லிசா வெள்ளையா இருந்தா குறைவு | சுருக்கம், சாயம் வெளுக்கறது |
| லினன் | நல்லா உறிஞ்சும், காட்டனை விட சீக்கிரம் காயும் | ரொம்ப நல்லது | இழை இடைவெளியை பொறுத்தது | தேய்க்கிற வேலை |
| ரேயான் | நல்லா உறிஞ்சும் | நல்லது, தழைஞ்சு விழும் | சுமார் | ஈரத்துல பலம் போகும் |
| பாலியஸ்டர் | உறிஞ்சாது, சீக்கிரம் காயும் | நெசவை பொறுத்தது | நல்லது | வாடை |

### காட்டன்

எல்லாரும் கண்ணை மூடிட்டு எடுக்கறது இதுதான், தப்பும் இல்ல. ஆனா "காட்டன்" அப்படிங்கறது நூலோட பேரு, துணியோட பேரு இல்ல. டெனிமும் காட்டன்தான், மல்மல்லும் காட்டன்தான், வெயில்ல ரெண்டும் ஒண்ணா? டேக்ல ஜிஎஸ்எம் போட்டிருந்தா பாருங்க, ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்னு அர்த்தம். நான் சட்டைன்னா 90-லேர்ந்து 130 வரைக்கும், டி-ஷர்ட்னா 140-லேர்ந்து 160 வரைக்கும் பாப்பேன், 180-ஐ தாண்டிடுச்சுன்னா மழைக்காலத்துக்கு எடுத்து வெச்சுக்கலாம்.

நம்பர் போடலையா, வாயை வெச்சு பாருங்க. சிரிக்காதீங்க, நெஜமாதான் சொல்றேன். துணியை ஒத்தையா பிடிச்சு வாயை ஒட்டி வெச்சு ஊதுங்க, பின்னாடி உள்ளங்கையை வைங்க. காத்து கையில படுதுன்னா அந்தத் துணி வெயிலுக்கு ஆகும், கன்னம் உப்புதே தவிர கையில ஒண்ணும் படலைன்னா வெச்சுட்டு வந்துடுங்க. டிரையல் ரூம்குள்ள போய் பண்ணுங்க, வெளிய பண்ணா சேல்ஸ்மேன் ஒரு மாதிரி பாப்பாரு.

காட்டனோட குறை, நனைஞ்சா காய நேரம் எடுக்கும், அதுவரைக்கும் முதுகுல ஒட்டிக்கிட்டே இருக்கும். அதனால நல்லா வியர்க்கிற வேலை, ஓட்டம், விளையாட்டு இதுக்கெல்லாம் கெட்டியான காட்டன் டி-ஷர்ட் சரி வராது. வாங்கும்போது சரியா இருந்து ரெண்டு துவைப்புல கை நீளம் குறையற கதையும் உண்டு, அதனால தோள்லயும் நீளத்துலயும் கொஞ்சம் தாராளமா இருக்கறதை எடுக்கறது நல்லது. முன்கூட்டியே சுருக்கினதுன்னு எழுதியிருந்தா இந்தக் கவலை கம்மி.

### லினன்

வெயிலுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும், அதுல சந்தேகமே இல்ல. ஆளி செடியோட தண்டுலேர்ந்து எடுக்கிற நாரு, விறைப்பா இருக்கறதால உடம்புல ஒட்டாம கொஞ்சம் தள்ளி நிக்கும், அந்த இடைவெளியில காத்து ஓடும். நனைஞ்சா பலம் கூடும், துவைக்க துவைக்க மிருதுவாகும், நல்ல லினன் வருஷக்கணக்குல வரும்.

ஆனா கசங்கும். கார்ல உக்காந்து இறங்கினா இடுப்புல அகார்டியன் மாதிரி மடிப்பு விழும். கசங்கினாலும் அழகுதான்னு நினைக்கிற ஆளா நீங்க, எடுங்க. ஒரு மடிப்பு இருந்தா மனசு கேக்காதா, காலையில தேய்க்க பத்து நிமிஷம் உண்டான்னு உங்களையே ஒரு தடவை கேட்டுக்கோங்க. என் பீரோவுல ரெண்டு லினன் சட்டை இருக்கு, ஒண்ணு மாசத்துல பத்து நாள் போடுறேன், இன்னொண்ணு ஃபார்மலா மடிப்பில்லாம இருந்தாதான் நல்லாருக்கும்ங்கற ஸ்டைல், அதை வாங்கி ரெண்டு வருஷத்துல மொத்தமே நாலு தடவை போட்டிருப்பேன்.

அப்புறம் இந்த "லினன் லுக்", "லினன் ஃபீல்"னு எழுதியிருக்கறதுல ஒரு கண்ணு இருக்கட்டும். நான் ஏமாந்திருக்கேன். ஒரு கடையில தொங்கின போர்டுல பெருசா லினன்னு எழுதியிருந்தது, நானும் ஆசையா ஒண்ணு எடுத்துட்டேன், வீட்டுக்கு வந்து உள்பக்கம் தையல்ல இருந்த சின்ன டேகை பாத்தா பாலியஸ்டர் முக்கால்வாசி, லினன் ஒரு ஊறுகாய் அளவு. ஒரு முனையை கையில பிடிச்சு பத்து எண்ணுற வரைக்கும் கசக்கி விடுங்க, லினன்னா கோடு கோடா மடிப்பு நிக்கும், அப்படியே குதிச்சு பழைய மாதிரி ஆயிடுச்சுன்னா உள்ள வேற ஏதோ ஓடுது. என்ன, கசங்காத லினன் வேணும்னு கேக்குறது நாமதானே, அவங்களும் என்ன பண்ணுவாங்க.

### ரேயான், விஸ்கோஸ்

மரக்கூழ்லேர்ந்து செய்றது. தொட்டா ஜில்லுனு இருக்கும், கீழ தழைஞ்சு விழும், வியர்வையும் நல்லா வாங்கும், காட்டன் லினனை விட பல சமயம் விலையும் கம்மி. அப்போ பிரச்சனை என்ன? ஈரத்துல அதோட பலம் கிட்டத்தட்ட பாதி போயிடும். காட்டனும் லினனும் நனைஞ்சா கெட்டியாகும், இது நேர் எதிர். வாஷிங் மெஷின்ல ஜீன்ஸோட சேர்த்து போட்டு முறுக்கி எடுத்தீங்கன்னா தையல் ஓரத்துல நூல் விலகி இருக்கும், நீளமும் குறைஞ்சிருக்கும். கையால அலசி, முறுக்காம, நிழல்ல பரப்பி காயவைக்கிற பொறுமை உள்ளவங்களுக்கு அருமையான துணி. அந்தப் பொறுமை இல்லன்னா விலை கம்மிங்கறதெல்லாம் வெறும் பேச்சு.

### பாலியஸ்டர், அப்புறம் கலப்புத் துணி

பாலியஸ்டரை மொத்தமா திட்டுறவங்க கூட்டத்துல நான் இல்ல. விளையாட்டுக்குன்னு பின்னின மெல்லிய பாலியஸ்டர் வியர்வையை உறிஞ்சாது, ஆனா இழைகளுக்கு நடுவுல இருக்கிற இடுக்கு வழியா வெளிப்பக்கம் கடத்தி விட்டுரும், அங்க சட்டுனு காஞ்சிடும். ஓடுறவங்களுக்கு, பயணத்துல ராத்திரி அலசி காலையில போடுறவங்களுக்கு இதை அடிச்சுக்க ஆளில்ல. புற ஊதாக் கதிரை தடுக்கறதுலயும் மெல்லிய வெள்ளை காட்டனை விட இது மேல.

வாடைதான் சனியன். பெல்ஜியத்துல கென்ட் பல்கலைக்கழகத்துல 2014-ல வந்த ஆராய்ச்சி ஒண்ணு, 26 பேரை உடற்பயிற்சி பண்ண வெச்சு சட்டையை மோந்து பாத்தாங்க, காட்டனை விட பாலியஸ்டர்தான் மோசமா நாறிச்சு, வாடையை உண்டாக்குற ஒரு வகை பாக்டீரியா அதுல நல்லா வளருதுன்னு கண்டுபிடிச்சாங்க. அந்த மோந்து பாக்குற வேலைக்கு யாரு வந்தாங்களோ, அவங்களுக்கு ஒரு கும்பிடு. நம்ம அனுபவமும் அதுதானே, துவைச்சு மணமா எடுத்து வெச்ச ஜெர்சி, போட்டு பத்து நிமிஷம் நடந்தா பழைய வாடை திரும்ப எட்டிப் பாக்கும்.

பாலியஸ்டரும் காட்டனும் கலந்த டெரிகாட்டன் மாதிரி கலப்பு, ஆஃபீஸ்ல ஏசியில உக்காந்திருக்கறவங்களுக்கு, தேய்க்க நேரமில்லாதவங்களுக்கு ஓகே. பாலியஸ்டர் பாதிக்கு மேல போச்சுன்னா வெயில்ல நடக்கறவங்க தள்ளி வைக்கலாம்.

இதுல அக்கா மாட்டின ஒரு விஷயம் சொல்லணும், ஏன்னா யாரும் பாக்க மாட்டாங்க. போன வருஷம் அழகான மெல்லிய காட்டன் டாப் ஒண்ணு எடுத்தா, போட்டதும் புழுங்குது புழுங்குதுன்னு ஒரே புலம்பல், காட்டன்தானடா இதுன்னு என்கிட்ட சண்டை. திருப்பி பாத்தா உள்ள முழுசா லைனிங், அது பாலியஸ்டர். டேக்ல மேல் துணி ஒரு வரி, லைனிங் ஒரு வரின்னு தனித்தனியா போட்டிருப்பாங்க, நாம முதல் வரியோட நிறுத்திடுறோம். உடம்புல படுறது ரெண்டாவது வரிதான்.

### நிறமும் தொளதொளப்பும்

வெயிலுக்கு வெள்ளைன்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா மெல்லிய வெள்ளை காட்டன் டி-ஷர்ட்டோட யூபிஎஃப், அதாவது துணியோட வெயில் தடுப்பு எண், பத்தைக் கூட தொடாது, நனைஞ்சா இன்னும் குறையும். யூபிஎஃப் 50-ன்னா ஐம்பதுல ஒரு பங்கு கதிர்தான் உள்ள வரும்னு கணக்கு. அடர்த்தியான நிறம், நெருக்கமான நெசவு கதிரை அதிகமா தடுக்கும். அப்போ குளிர்ச்சியும் தடுப்பும் ஒண்ணுக்கொண்ணு முட்டுதா? முட்டும், அதனாலதான் நாள் முழுக்க வெளியில நிக்கிற வேலைக்கு ஒண்ணு, வீட்டுக்கும் பக்கத்து தெருவுக்கும் ஒண்ணுன்னு பிரிச்சு எடுக்கச் சொல்றேன்.

இன்னொரு சுவாரசியம். பாலைவனத்துல பெதுவின் ஜனங்க கறுப்பு அங்கி போடுறாங்களே அது எப்படின்னு 1980-ல நேச்சர்ங்கற அறிவியல் இதழ்ல ஒரு ஆய்வு வந்தது. கறுப்பு அங்கி சூட்டை அதிகமா வாங்கத்தான் செய்யுது, ஆனா அங்கி தொளதொளன்னு இருக்கறதால அந்த அதிகப்படி சூடு தோலுக்கு வர்றதுக்கு முன்னாடியே காத்தோட போயிடுது, கடைசியில வெள்ளையோ கறுப்போ உடம்புக்கு படுற சூடு ஒரே மாதிரிதான்னு பாத்திருக்காங்க. அதனால நிறத்துக்கு மண்டையை உடைக்கிற நேரத்துல ஒரு சைஸ் தொளதொளப்பா எடுக்கறதை யோசிக்கலாம். இறுக்கமான வெள்ளையை விட தொளதொள நீலம் எனக்கு மேல்.

## செருப்பு: விரல் என்ன பண்ணுது?

இங்கதான் நான் கொஞ்சம் நீளமா பேசுவேன், ஏன்னா துணி தப்பா எடுத்தா புழுங்கும் அவ்வளவுதான், செருப்பு தப்பா எடுத்தா குதிகால், முட்டி, இடுப்புன்னு மேல ஏறும்.

ஒரு சோதனை. வீட்டுல இருக்கிற ஏதாவது ஒரு செருப்பை போட்டு நாலு அடி நடங்க, குனிஞ்சு விரலை பாருங்க. விரல் நிம்மதியா நீண்டு படுத்திருக்கா, இல்ல நண்டு மாதிரி மடங்கி செருப்பை கவ்விக்கிட்டு இருக்கா? கவ்வுதுன்னா உங்க காலு நடக்கற வேலையோட செருப்பு பறந்துடாம பிடிச்சு வெக்கிற வேலையும் சேர்த்து பாக்குது. காலை தொடங்கி சாயங்காலம் வரைக்கும் பல ஆயிரம் அடி, ஒவ்வொரு அடிக்கும் ஒரு கவ்வல். அப்புறம் கெண்டைக்கால் வலிக்குது பாதம் வலிக்குதுன்னா வலிக்காதா? அமெரிக்காவுல ஆபர்ன் பல்கலைக்கழகத்துல 2008-ல 39 பேரை நடக்க விட்டு பாத்தாங்க, ஷூ போட்டு நடந்ததை விட ரெண்டு விரலுக்கு நடுவுல வார் உள்ள செருப்புல ஜனங்க சின்ன சின்ன அடியாத்தான் எடுத்து வெக்கிறாங்கன்னு தெரிஞ்சது.

### ஹவாய் செருப்பு

பாத்ரூம், மாடி, பக்கத்து கடை வரைக்கும் இதுக்கு மேல ஒண்ணு தேவையே இல்ல. கழுவினா சுத்தம், உதறினா காஞ்சது, காலுல காத்து படும். ஆனா மேல சொன்ன கவ்வல் இதுலதான் அதிகம். ரப்பர் அடியா இருந்தா ஈரத்துல நல்லா பிடிக்கும், எடை குறைவா நுரை மாதிரி இருக்கற ஈவிஏ அடி தேய்ஞ்சு வழவழன்னு ஆயிட்டா ஈர டைல்ஸ்ல சறுக்கும். அடியை திருப்பி பாருங்க, குதிகால் பக்கம் வரி அழிஞ்சிருந்தா அன்னைக்கே குப்பையில போடுங்க, விலை கம்மியான பொருளுக்கு பாவம் பாத்து இடுப்பை உடைச்சுக்க வேண்டாம்.

நாள்ல அரை மணி நேரத்துக்கு மேல இதை போட்டு நடக்கறீங்கன்னா உங்களுக்கு இது இல்ல. சர்க்கரை இருந்து கால்ல உணர்ச்சி குறைஞ்சவங்களுக்கு சுத்தமா இல்ல, விரலிடுக்குல வார் உரசி புண்ணானா கூட தெரியாது.

### பஞ்சு மாதிரி மெத்து, ஈவிஏ க்ளாக்

க்ளாக்னா முன்பக்கம் மூடி, பின்பக்கம் திறந்திருக்கற செருப்பு. அக்கா இடது கால்ல போட்டிருந்தது இந்த ரகம். கடையில போட்டு நடந்தா மேகத்துல நடக்கற மாதிரி இருக்கும், அதான் பொறி. ஈவிஏங்கறது உள்ள குட்டி குட்டி காத்துப் பை அடைச்ச நுரை, தினமும் நம்ம எடை ஏற ஏற அந்தப் பை எல்லாம் நசுங்கி திரும்ப எழும்பாம போயிடும். சில மாசத்துல குதிகால் இடத்துல குழி, அப்புறம் தரையிலேயே நடக்கற மாதிரிதான். ரொம்ப மெத்துனு இருக்கறதுல பாதம் ரெண்டு பக்கமும் ஆடும், அதை நேரா வெக்க கணுக்கால் வேலை செய்யணும்.

வெயிலுக்கு வாங்குற பொருளுக்கு வெயிலே ஆகாதுங்கறதுதான் வேடிக்கை. பூட்டின காருக்குள்ள, கொதிக்கிற மாடியில விட்டீங்கன்னா ஈவிஏ சுருங்கும், காலையில சரியா இருந்த சைஸ் சாயங்காலம் கடிக்கும். நாத்தம், வியர்வை விஷயத்துல ஓட்டை உள்ளது பரவாயில்ல, மூடினது உள்ள சளசளன்னு ஆயிடும்.

அப்போ யாருக்கு? சமையல் கட்டு, தோட்டம், தண்ணியில புழங்குற வேலை, கால் வீங்குறவங்க, குனிஞ்சு மாட்ட முடியாதவங்க. பின்பக்க வாரை குதிகாலுக்கு பின்னாடி இறக்கி போட்டா நடைக்கும் ஓரளவு ஆகும், அந்த வாரை முன்னாடியே அலங்காரமா விட்டுட்டு நடக்கறோம் நாம.

### பின்வார் வெச்ச சாண்டல்

இது வந்த கதையே என் கட்சிக்கு சாட்சி. 1984-ல அமெரிக்காவுல கிராண்ட் கேன்யன் ஆத்துல படகு வழிகாட்டியா இருந்த மார்க் தாட்சர்ங்கறவரு, சாதாரண செருப்பு தண்ணியில கழண்டு போகுதேன்னு அதோட ஒரு வாரை சேர்த்து கணுக்கால்ல கட்டினாரு, அதுதான் டேவாங்கற பிராண்டு சாண்டல். பெருசா ஒண்ணும் பண்ணலை, விரலுக்கு இருந்த வேலையை வாருக்கு குடுத்தாரு, அவ்வளவுதான்.

நாள் முழுக்க நடக்கணும், பஸ்ஸு ரயிலு ஏறி இறங்கணும், நடுவுல மழை பெஞ்சா நனையணும்னா இதான். வெல்க்ரோவா பக்கிளான்னு கேட்டா வெல்க்ரோ சுலபம், ஆனா தூசியும் நூலும் அடைச்சு ஒரு வருஷத்துல பிடிப்பு போகும், பழைய டூத் பிரஷ் வெச்சு சுத்தம் பண்ணா கொஞ்ச நாள் நீட்டிக்கலாம். வாருக்கு உள்பக்கம் மெத்து துணி இருக்கான்னு தடவி பாருங்க, வெறும் நைலான் பட்டைன்னா வியர்வையோட சேர்ந்து முதல் வாரம் தோலை உரிச்சிடும். சோலை ரெண்டு முனையிலயும் பிடிச்சு வளைங்க: விரல் மடங்குற இடத்துல வளையணும், நடுவுல சப்பாத்தி மாதிரி சுருண்டா வேண்டாம். துணி பிழியற மாதிரி முறுக்கினா கொஞ்சம் எதிர்ப்பு காட்டணும்.

அழகு கம்மிதான், ஒத்துக்கறேன். ஆஃபீஸுக்கு ஒத்து வராத இடமும் உண்டு.

### தோல் சாண்டல், கார்க் அடி

தோல் வியர்வையை வாங்கும், நம்ம பாதத்துக்கு தகுந்த மாதிரி படியும், அறுந்தா தைக்கலாம், சோல் மாத்தலாம். மத்த எந்த ரகத்துக்கும் இந்த கடைசி வசதி அவ்வளவா கிடையாது, ஈவிஏ அறுந்தா குப்பைதான். பதிலுக்கு அது கேக்குறது பொறுமை: முதல் ஒரு வாரம் பத்து நாள் கடிக்கும், வீட்டுக்குள்ள அரை அரை மணி நேரமா போட்டு பழக்கணும். நனைஞ்சா நிழல்ல காயவைக்கணும், வெயில்ல வெச்சா விறைச்சு வெடிக்கும். சாயம் போட்ட தோல் வியர்வையில பாதத்துல கறையா இறங்கறதும் உண்டு, வெள்ளை டிஷ்யூவை நனைச்சு உள்பக்கம் தேய்ச்சு பாத்தா கடையிலயே தெரிஞ்சிடும்.

கார்க் அடி இதோட அண்ணன் மாதிரி. பிர்கன்ஸ்டாக்ங்கற ஜெர்மன் செருப்பு கம்பெனிக்காரங்க 1963-ல மாட்ரிட்னு ஒரு சாண்டல் கொண்டு வந்தாங்க, பாதத்தோட வளைவுக்கு தகுந்த மாதிரி குழிவும் மேடும் உள்ள அடி, கார்க்கும் ரப்பர் பாலும் கலந்தது. புதுசுல கட்டாந்தரை மாதிரி இருக்கும், போகப் போக நம்ம சூட்டுல நம்ம கால் அச்சா மாறும். தண்ணியில ஊறப் போட்டா கார்க் உதிரும், அதனால மழையில நடக்கறவங்களுக்கு செலவு ரெட்டிப்பு. பாக்குறதுக்கு அதே மாதிரி இருக்கற மலிவு ரகத்துல ஓரத்துல மட்டும் கார்க் படம் ஒட்டி உள்ள வெறும் நுரையா இருக்கும், எடை வித்தியாசம் கையிலயே தெரியும்.

### மெஷ் ஷூ, கேன்வாஸ்

வெயில்ல ஷூவான்னு முகம் சுளிக்காதீங்க, ரொம்ப நடக்கறவங்களுக்கு வலை வலையா இருக்கற லேசான ஷூதான் காலுக்கு நல்லது. ஆனா மெல்லிய சாக்ஸ் ரெண்டு மூணு ஜோடி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் காய விட இன்னொரு ஷூ, இந்த செலவையும் சேர்த்து கணக்கு போடுங்க. கேன்வாஸ் பாக்க காத்தோட்டமா தெரியும், அடியும் ஓரமும் ரப்பர்ங்கறதால உள்ள அடுப்புதான்.

## அளவு எடுக்கறது

சாயங்காலம் போய் செருப்பு வாங்குங்க. நாள் முழுக்க நின்னு நடந்ததுல, வெயில்லயும் கால் வீங்கும், காலையில அளவா இருந்தது சாயங்காலம் நெருக்கும். வீட்டுல சுவத்துல குதிகாலை ஒட்டி நின்னு, காகிதத்துல நீளமான விரல் நுனியை கோடு போட்டு சென்டிமீட்டர்ல அளந்து வெச்சுக்கோங்க, ரெண்டு காலையும். பெரிய காலுக்குத்தான் சைஸ். பிரிட்டன் கணக்குல ஒரு சைஸுக்கும் அடுத்ததுக்கும் மூணுல ஒரு அங்குலம், கிட்டத்தட்ட 8.5 மில்லிமீட்டர் வித்தியாசம், ஐரோப்பா கணக்குல சுமார் 6.7 மில்லிமீட்டர், அதனால ஒரு கணக்குலேர்ந்து இன்னொண்ணுக்கு மாத்தும்போது எப்பவும் கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும். சென்டிமீட்டர்தான் பொய் சொல்லாது. ஆன்லைன்ல வாங்குறவங்க இதை மட்டுமாவது பண்ணுங்க.

## சீசன் ஆரம்பத்துலயா, கடைசியிலயா

ஆரம்பத்துல போனா எல்லா சைஸும் இருக்கும், விலை முழுசு. கடைசியில தள்ளுபடி, ஆனா நடு சைஸ் எல்லாம் போயிருக்கும், சேல்ல எடுத்ததை மாத்த முடியாதுன்னு சின்ன எழுத்துல போட்டிருப்பாங்க.

என் கணக்கு இது: துணியை கடைசியில வாங்கலாம், செருப்பை ஆரம்பத்துல வாங்கணும். சாதாரண காட்டன் சட்டை அடுத்த வருஷமும் காட்டன் சட்டைதான். ஆனா செருப்பு சோல்ல பியூன்னு சொல்ற பாலியூரிதேன்ல பல ரகம், போடாம பெட்டிக்குள்ள வெச்சிருந்தாலும் காத்துல இருக்கற ஈரத்துலயே மெல்ல சிதைஞ்சுக்கிட்டு இருக்கும். நான் ஒரு தடவை தள்ளுபடியில ரெண்டு ஜோடி எடுத்து ஒண்ணை பத்திரமா மேல அட்டத்துல வெச்சேன், நாலு வருஷம் கழிச்சு எடுத்து போட்டுட்டு கிளம்பி பாதி வழியில திரும்பி பாத்தா நான் நடந்து வந்த பாதை முழுக்க பிஸ்கட் தூள் மாதிரி சோல். மிச்சத்தை வாரோட கையில தூக்கிட்டு வந்தேன்.

குழந்தைங்களுக்கு துணி அடுத்த சைஸ் எடுத்து வெக்கலாம், செருப்பு எடுத்து வெக்காதீங்க, அடுத்த வருஷம் கால் எவ்வளவு வளரும்னு யாருக்குத் தெரியும்.

எந்தத் துணியா இருந்தாலும் பிடிச்சிருக்குன்னு ஒரே நாள்ல மூணு நிறம் எடுக்காம ஒண்ணு எடுத்து ரெண்டு தடவை துவைச்சு பாத்துட்டு மிச்சத்தை வாங்குங்க. சுருங்குதா சாயம் போகுதா எல்லாம் அதுலயே தெரிஞ்சிடும்.

அக்கா ரெண்டு நாள் கழிச்சு சாயங்காலமா திரும்ப போனா. கல்லு மாதிரி இருந்த அந்த பின்வார் சாண்டல்தான் எடுத்தா, சொல்லிக்கிட்டேதான் எடுத்தா, அழகே இல்லைன்னு. காட்டன் டாப் ரெண்டுல ஒண்ணு ஊதி பாத்ததுல தேறலையாம், ஒண்ணுதான் எடுத்திருக்கா. லினன் வேண்டாம்னுட்டா, "தேய்க்கறது யாரு, நீயா வந்து தேய்ப்ப"ன்னு கேட்டா, அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.